பதினான்கு பெயர்களில் இல்லாத வைரஸ்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவள் நான்தான். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வருகிறார். இரண்டு மாதங்களாக இடது பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். தட்டில் இரண்டு இட்லி வைத்தால் இடது பக்கத்து இட்லி அப்படியே இருக்கிறது; கேட்டால், "ஒன்றுதானே வைத்தாய்" என்கிறார். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். பிறகு சட்டைப் பொத்தான் போடவும் தடுமாற ஆரம்பித்தார். சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு லேசான பக்கவாதம் என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு, மூளையில் ஏதோ அரிய வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்கிறார்கள். காய்ச்சல் ஒரு நாள்கூட வரவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் நெகட்டிவ். ஆனாலும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்; மறுபடி நீர் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மூளையிலிருந்து பயாப்சி எடுக்க வேண்டும் என்கிறார்கள். இல்லை என்று வந்த பிறகு எதற்காக மறுபடியும்? சந்தேகப்படுகிற நோய்க்கு மருந்தைத் தொடங்கிவிட்டால் போதாதா? கடைசியாக ஒன்று. இது சிறுநீரகத்தில் இருக்கிற வைரஸ் என்று ஒருவர் சொன்னார். என் சிறுநீரகம் வழியாகத்தான் அவருக்குப் போனதா? ரிப்போர்ட்டுகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் அனுப்பிய அந்த நீர்ச் சோதனை ரிப்போர்ட்டை எடுத்து உங்கள் எதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் மொத்தம் 14 வரிகள். ஏழு வைரஸ்கள், ஆறு பாக்டீரியாக்கள், ஒரு பூஞ்சை. ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ் ஒன்றும் இரண்டும், அம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வாரிசெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், மனித ஹெர்பிஸ் வைரஸ் 6, என்டரோ, பாரெக்கோ ஆகியவை அந்த ஏழு. ஒவ்வொன்றின் எதிரேயும் நெகட்டிவ் என்று அச்சாகியிருக்கிறது. உங்கள் கணவரின் அறிகுறிகளையும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் படித்ததும் என் மனத்தில் முதலில் எழுந்த பெயர் ஜே.சி. வைரஸ். உங்கள் மருத்துவர்களும் அதைத்தான் சந்தேகிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயர் இந்த 14 வரிகளில் எங்கும் இல்லை. காசநோய்க் கிருமியும் இல்லை, எப்ஸ்டீன்-பார் வைரஸும் இல்லை.

திடீரென்று காய்ச்சலும் மயக்கமுமாக வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் விடை சொல்வதற்காக உருவாக்கப்பட்ட தொகுப்புச் சோதனை இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் பி.சி.ஆர். என்பது பெயர் சொல்லித் தேடும் சோதனை. எந்தக் கிருமியின் மரபணுவைத் தேடச் சொல்கிறோமோ அதை மட்டுமே தேடும். ஜே.சி. வைரஸைப் பெயர் எழுதித் தனியாகக் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் கணவரின் தண்டுவட நீரில் அந்த வைரஸ் இல்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்கப்படவே இல்லை.

இனி, அவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இட்லியைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகள் பல பரிசோதனைகளுக்குச் சமம். அவருடைய கண் கெடவில்லை. ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால் உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய இடது ஓரத்தில் உங்கள் விரலை மெல்ல அசையுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்களிலுமே இடது ஓரம் தெரியவில்லை என்றால் கோளாறு மூளையின் வலது பின்பகுதியில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையும் அந்த இடத்தைத்தான் காட்டுகிறது. கண்ணாடியை மாற்றிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் இவருக்கு முன்னும் பலர்.

ஜே.சி. வைரஸ் மூளையில் உண்டாக்கும் நோயை பி.எம்.எல். என்கிறோம். நரம்பு இழைகளின் மேல், மின்கம்பியின் மேலுறை போல மையலின் என்ற உறை இருக்கிறது. அந்த உறையைப் பின்னும் செல்களுக்குள் புகுந்து அவற்றை இந்த வைரஸ் அழிக்கிறது. உறை போன இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு மூளை மடிப்புகளின் அடிவிளிம்பு வரை ஏறிப் போயிருக்கும். சுற்றியுள்ள பகுதியைப் பிதுக்கித் தள்ளாது. படம் தெளிவாகத் தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தையும் பெரும்பாலும் ஏற்காது. உங்கள் அறிக்கையில் இந்த மூன்றுமே எழுதப்பட்டிருக்கின்றன. பக்கவாதம் என்றால் ஒரு குறிப்பிட்ட ரத்தக்குழாய் ஊட்டும் எல்லைக்குள் நிற்கும். நொடியிலோ நிமிடங்களிலோ வரும். உங்கள் கணவருக்கு வந்ததோ முதலில் கதவு நிலை, பிறகு தட்டு, பிறகு பொத்தான் என்று வாரம் வாரமாக நகர்ந்து வந்திருக்கிறது. இந்தத் தேதி வரிசை மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் வலது கை தளர்ந்து வந்தார். காய்ச்சல் இல்லை, ரத்த அணுக்கள் சரியாக இருந்தன, தண்டுவட நீர் தெளிவாக இருந்தது. தொற்று இல்லை என்று கேஸ் தாளில் என் கையாலேயே எழுதினேன். பக்கவாதம் என்று முடிவு செய்து அனுப்பிவைத்தோம். ஐந்து வாரம் கழித்துப் பேச்சும் போன நிலையில் அவரை அழைத்து வந்தார்கள். அந்தத் தாளில் இருந்த என் கையெழுத்து இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது.

அன்று எனக்கு உறைக்காத விஷயம் இதுதான். காய்ச்சலைக் கிருமி தருவதில்லை. கிருமியைக் கண்டதும் நம் உடல் ஊதுகிற அபாயச் சங்கு அது. தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடுவதும் அப்படித்தான். நம்முடைய படை அங்கே போய்ச் சேர்ந்ததன் அடையாளம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தாக்காமல் இருப்பதற்காக அந்தப் படையின் கையைத்தான் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும் கட்டி வைத்திருக்கின்றன. சங்கு ஒலிக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று இவர்களிடம் சொல்ல முடியாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் சோதனைகளுக்கும் இது பொருந்தும். ரிட்டுக்சிமாப் போன்ற ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடல் எதிர்ப்பொருளைச் சரியாக உண்டாக்குவதில்லை. தொற்று இருந்தும் அந்தச் சோதனை இல்லை என்று சொல்லிவிடும்.

அதனால் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருடைய ரிப்போர்ட்டில் 'இல்லை' என்ற சொல்லைக் கண்டால் நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். எதைத் தேடினார்கள், எவ்வளவு நுணுக்கமாகத் தேடினார்கள், நோயின் எந்தக் கட்டத்தில் தேடினார்கள். ஜே.சி. வைரஸைப் பெயர் சொல்லிக் கேட்ட பிறகும் முதல் தடவை நெகட்டிவ் வரலாம். தொடக்கத்தில் தண்டுவட நீரில் வைரஸ் மிகக் குறைவாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழக ஆய்வகத்தில் ஒரு மில்லி நீரில் வைரஸ் மரபணுவின் 10 பிரதிகள் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். எல்லா ஆய்வகங்களாலும் அந்த அளவுக்கு இறங்க முடியாது. ஆகவே, "உங்கள் ஆய்வகம் குறைந்தது எத்தனை பிரதிகள் வரை கண்டுபிடிக்கும்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை விரும்புவார். அமெரிக்க நரம்பியல் கழகம் 2013இல் இந்த நோய்க்கு வகுத்த அளவுகோலிலும் இதற்கு இடம் இருக்கிறது: அறிகுறியும் படமும் பொருந்தி வந்து, பி.சி.ஆர். மட்டும் நெகட்டிவாக இருந்தால் 'இருக்கக்கூடும்' என்ற நிலையில் வைக்கச் சொல்கிறார்கள். நோய் இல்லை என்று கோப்பை மூடச் சொல்லவில்லை.

முதுகில் மறுபடி ஊசியா என்று பயப்படுகிறீர்கள். பெரியவர்களின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லி நீர் இருக்கிறது. ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்கு உடல் புதிதாகச் சுரக்கிறது. எடுப்பது 10, 15 மில்லிதான். ஒரு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடும். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. நடை போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் குறையும். சில நாட்களில் சரியாகிவிடும். மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த முறை இரண்டு மில்லி நீரை உறைநிலையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வேறொரு பெயரைத் தேட வேண்டி வந்தால் மூன்றாவது தடவை ஊசி போட வேண்டியிருக்காது.

இடையில் யாராவது, "சிறுநீரில் ஜே.சி. வைரஸ் பாருங்கள்" என்றோ, "ரத்தத்தில் எதிர்ப்பொருள் பாருங்கள்" என்றோ சொன்னால் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவாகத்தான் வரும்; நலமாக இருக்கும் பலருடைய சிறுநீரிலும் அந்த வைரஸ் தெரியும். எனக்கும் வரலாம், உங்களுக்கும் வரலாம். அதை வைத்து மூளை நோயைச் சொல்ல முடியாது.

மருந்தைத் தொடங்கிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில வேளைகளில் அப்படித்தான் செய்ய வேண்டும். காய்ச்சல், குழப்பம், வலிப்பு என்று ஒருவர் வந்தால் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கான அசைக்ளோவிரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்போம். ஒரு நாள் தாமதித்தாலும் மூளை போய்விடும். உங்கள் கணவருடைய நிலை வேறு. அவருக்கு இருக்கக்கூடிய நோய்கள் நான்கைந்து. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சு.

காசநோயாக இருக்குமோ என்று ஊகித்து ரிஃபாம்பிசினைத் தொடங்கினால், அது டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் அடியோடு இறக்கிவிடும். நீங்கள் கொடுத்த சிறுநீரகத்தை அவருடைய உடல் நிராகரிக்கத் தொடங்கலாம். வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டின் அளவைக் கூட்டினால், பி.எம்.எல். ஆக இருந்தால் வைரஸுக்கு வழி இன்னும் அகலமாகும். அது லிம்போமா எனும் புற்றுக்கட்டியாக இருந்தால் கட்டி சில நாட்களுக்குச் சுருங்கும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பிறகு பயாப்சி எடுத்தால் அதில் ஒன்றுமே தெரியாது. கட்டி மறுபடி வளரும் வரை காத்திருக்க நேரிடும். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸின் தூண்டுதலால் மூளையில் இந்த லிம்போமா வருவதுண்டு. நான் அதை மறக்காமல் இருப்பதற்குக் காரணம், அது குணப்படுத்த வாய்ப்புள்ள நோய். டாக்ரோலிமஸே மூளையின் பின்பகுதியில் மாற்றத்தை உண்டாக்குவதும் உண்டு; அது பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு, தலைவலி, வலிப்பு என்று சில நாட்களுக்குள் வரும். இருந்தாலும் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது, எளிதான சோதனைதான்.

பி.எம்.எல். என்றே உறுதியானால் என்ன செய்வோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஜே.சி. வைரஸை நேரடியாகக் கொல்லும், நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைக் குறைத்து, உடலின் சொந்தப் படையைக் கட்டவிழ்த்து விடுவதுதான் சிகிச்சை. அப்படிச் செய்தால் மாற்றுச் சிறுநீரகம் ஆபத்துக்கு உள்ளாகும். மறுபடி டயாலிசிஸுக்குப் போக நேரலாம். விழித்துக்கொண்ட படை சில வேளைகளில் மூளையில் அளவுக்கு மீறிச் சண்டையிட்டு வீக்கத்தை உண்டாக்குவதும் உண்டு. இவ்வளவு பெரிய விலையை ஊகத்தின் பேரில் கொடுக்கக் கூடாது. உங்கள் மருத்துவர்கள் பயாப்சி வரை பேசுவது இதனால்தான். நோய் நின்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழிந்துபோன பகுதி முழுதாகத் திரும்பி வந்ததைப் பார்த்ததில்லை. அதனால் நாட்களை வீணாக்காதீர்கள். மாத்திரையைக் குறைக்கும் முடிவைச் சிறுநீரக மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து எடுக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தக் கூடாது. இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மூளைப் பயாப்சி என்றதும் மண்டையைத் திறப்பார்கள் என்று நினைத்திருப்பீர்கள். மண்டையோட்டில் சிறு துளை இட்டு, ஸ்கேன் காட்டும் திசையில் மெல்லிய ஊசியை இறக்கி, அரிசிமணி அளவுக்குத் திசு எடுப்பார்கள். ரத்தக் கசிவு அபாயம் சிறியது; அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்று முன்பே சொல்லிவிடுங்கள். தண்டுவட நீரில் ஜே.சி. வைரஸ் தெரிந்துவிட்டால் அநேகமாகப் பயாப்சிக்கே தேவை இருக்காது. இரண்டாவது தடவையும் நெகட்டிவ் வந்து, திட்டும் வளர்ந்துகொண்டிருந்தால் நான் பயாப்சியைத் தள்ளிப்போட மாட்டேன்.

பெயர் சொல்லித் தேடாத சோதனை கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நீரில் இருக்கும் மரபணுத் துணுக்குகள் அத்தனையையும் படித்து, எந்தக் கிருமியுடையது என்று கணினியில் ஒப்பிடும் சோதனை. 2010இல், பிறவியிலேயே எதிர்ப்பொருள் உண்டாகாத 15 வயதுச் சிறுவன் ஒருவனின் மூளைத் திசுவில், வயிற்றுப்போக்குக் கிருமியாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஆஸ்ட்ரோ வைரஸ் இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் எந்த மருத்துவருக்கும் அந்தப் பெயரைக் கேட்கத் தோன்றியிருக்காது. ஆனால் இதையும் சர்வரோக நிவாரணி என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் 204 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 58 தொற்றுகள் உறுதியாயின. அவற்றில் 13 தொற்றுகளை இந்தச் சோதனை மட்டுமே பிடித்தது. 26 தொற்றுகள் இதில் சிக்கவே இல்லை. பெயர் சொல்லிக் கேட்கும் சோதனைகளை முடித்த பிறகும் விடை கிடைக்கவில்லை என்றால் இதைக் கேட்கலாம். உங்கள் கணவர் விஷயத்தில் இப்போதைக்கு ஜே.சி. வைரஸ், காசநோய், எப்ஸ்டீன்-பார் மூன்றையும் பெயர் எழுதிக் கேட்பதே முதல் வேலை.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியது: அவர் வண்டி ஓட்டவே கூடாது. தெருவில் நடக்கும்போது நீங்கள் அவருடைய இடது பக்கத்தில் நடந்து வாருங்கள். தட்டைச் சற்று வலது பக்கம் நகர்த்தி வையுங்கள். வலிப்பு வந்தாலோ, தூக்கம் தெளியாமல் கிடந்தாலோ, புதிதாகக் காய்ச்சல் வந்தாலோ வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று அவரைத் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் சிறுநீரகத்துக்கு வருகிறேன்.

1971இல் லண்டனில், சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவருடைய சிறுநீரிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளை வைத்து அதை பி.கே. வைரஸ் என்றார்கள். உங்கள் கணவருக்கு மாற்று அறுவை முடிந்த பின் அவ்வப்போது பார்த்திருக்கக்கூடிய சோதனை அதற்கானது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பி.எம்.எல். நோயாளி ஒருவருடைய மூளையிலிருந்து பிரிக்கப்பட்டது ஜே.சி. வைரஸ், அதுவும் அந்த நோயாளியின் முதலெழுத்துகள்தான். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் சிறுநீரகத்தில் உறங்கிக் கிடப்பவை. உங்களிடம் சொன்னவர் இதை எங்கோ பாதி கேட்டிருக்கிறார்.

ஜே.சி. வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலோ இளமையிலோ வந்து, எந்தத் தொல்லையும் தராமல் உடலோடு தங்கிவிடுகிறது. உங்கள் கணவருக்கும் அப்படி முன்பே இருந்திருக்கலாம். கொடுத்தவரின் வைரஸ் பெற்றவரின் சிறுநீரில் தெரிவதும் உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் சிறுநீரகத்தில் உறங்கும் வைரஸும் மூளையை அழிக்கும் வைரஸும் அப்படியே ஒன்று இல்லை. மூளையில் காணப்படும் வைரஸின் மரபணுவில், அது பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பகுதி மாறி அமைந்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் அடங்கிக் கிடக்கும் உடலுக்குள்தான் அது நோயாகிறது. இந்த நோயை 1958இல் முதன்முதலாக விவரித்தபோது அந்த மூன்று நோயாளிகளில் இருவருக்கு ரத்தப் புற்று, ஒருவருக்கு ஹாட்ஜ்கின் நோய் எனும் நிணநீர்ப் புற்று. அவர்களுடைய எதிர்ப்பாற்றலைக் குலைத்தது அந்தப் புற்றுநோய்தான். எய்ட்ஸ் பரவிய பிறகு ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. யாரும் அவர்களுக்குச் சிறுநீரகம் கொடுக்கவில்லை. சிறுநீரகத்தை நீங்கள் கொடுத்திருந்தாலும், மூளைச்சாவு அடைந்த முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்திருந்தாலும், அவர் இதே மாத்திரைகளைத்தான் சாப்பிட்டிருப்பார், இதே ஆபத்தோடுதான் இருந்திருப்பார். நீங்கள் கொடுத்தது அவருக்கு டயாலிசிஸ் ஊசி இல்லாத மூன்று ஆண்டுகளை.

வியாழக்கிழமை போகும்போது பழைய எம்.ஆர்.ஐ. படம் பதிந்த குறுந்தகட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும், கடைசியாக எடுத்ததைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் கான்ட்ராஸ்ட் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிய ரிப்போர்ட் வந்ததும் முழுப் பக்கமும் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முடிவை மட்டும் எழுதினால் போதாது. இந்த முறை அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள்.